கொடுமுடியிலிருந்து கோவில்பட்டிக்கு: ஒரு மட்டை அழைத்த வழி

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் வளைவில் அமைந்த ஊர் கொடுமுடி. ஈரோட்டிற்கும் கரூருக்கும் இடையே இரயிலில் சென்றவர்கள், மஞ்சளும் கரும்பும் வாழையும் விளைந்த வயல்களுக்கு நடுவே இவ்வூரைக் கண்டிருப்பார்கள். மகுடேசுவரர் கோயிலால் இவ்வூரை அறிந்தோர் பலர். 1908-இல் இங்கே பிறந்து, தம் குரலால் தமிழகத்தைக் கட்டிப்போட்ட கே.பி. சுந்தராம்பாளால் அறிந்தோரும் பலர். பவானியில் புறப்படும் காலிங்கராயன் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வந்து முடிவதும் இவ்வூரின் அருகில்தான். எனக்கோ இது பிழைப்புக்காக வந்து, பிறகு சொந்தமாகிப்போன ஊர். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, மார்க்கக் கல்வியும் முடித்துவிட்டு, பதினெட்டு ஆண்டுகளாக இங்குள்ள மதரஸா ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன்.

அத்தகைய எனக்கு விளையாட்டு மைதானத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

என் அக்காள் மகன் அயர்லாந்து நாட்டில் மருத்துவமனைச் செவிலியராகப் பணிபுரிகிறார். சென்ற முறை விடுமுறையில் வந்தபோது, பெட்டிக்குள் அடங்காத ஒரு பொருளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு மர மட்டை. கைப்பிடி மெல்லியதாகவும், அடிமுனை உள்ளங்கையைப் போல அகன்று தட்டையாகவும் இருந்தது.

“இதென்ன தம்பி, ஹாக்கி மட்டையா?” என்றேன்.

“இல்லீங்க மாமா, இதுக்கு ஹர்லின்னு பேரு. ஹர்லிங்னு அங்கே ஒரு விளையாட்டு. நம்ம ஊர்ப் பசங்க கிட்டிப்புள் ஆடற மாதிரி, அங்கே பிள்ளைங்க நடக்கப் பழகும்போதே இந்த மட்டையைப் புடிச்சுக்கறாங்க. சும்மா நினைவுக்குன்னு வாங்கிட்டு வந்தேனுங்க” என்றார்.

அந்த மட்டையை மதரஸாவின் திண்ணையில் சாத்தி வைத்திருந்தேன். ஒருநாள் மாலை, பாடத்திற்கு வந்த மாணவன் ஒருவன், வயது பதின்மூன்று, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி அதைக் கையில் எடுத்தான். ஒரு ரப்பர் பந்தை அதன் தட்டையான முனையில் ஏந்தித் தட்டத் தொடங்கினான். சாளரத்தின் வழியே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று வரையில் பந்து கீழே விழவில்லை.

இந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் ஹிஃப்ழு மாணவன். திருக்குர்ஆனில் பதினொரு ஜுஸ்உகளை மனனம் செய்திருந்தான். ஆனால் அஸருக்குப் பிறகு நடக்கும் பாடத்திற்குத் தவறாமல் தாமதமாக வருவான். விசாரித்ததில், அரசுப் பள்ளி மைதானத்தில் ஹாக்கி ஆடிவிட்டு வருகிறான் என்று தெரிந்தது. அதற்காக ஒருமுறை மூன்று நாட்கள் தொடர்ந்து அவனை வாசலிலேயே நிறுத்தி வைத்தேன். நான் செய்தது சரி என்றே அப்போது நம்பினேன்.

சில வாரங்களில் அவனுடைய அத்தா என்னைத் தேடி வந்தார். கடைவீதியில் மிதிவண்டி பழுது பார்ப்பவர் அவர். கைகளில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“ஹஜ்ரத், பையனைக் கோவில்பட்டி ஹாக்கி விடுதித் தேர்வுக்கு அனுப்பலாம்னு விளையாட்டு வாத்தியார் சொல்றாருங்க. சாப்பாடு, தங்கறது, படிப்பு எல்லாம் அரசாங்கமே பாத்துக்குமாம். ஆனா அங்கே போனா ஓதறது நின்னு போயிருமுங்களே? எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நீங்க என்ன சொல்றீங்களோ, அதுதானுங்க.”

ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை என் ஒரு சொல்லில் வைத்துவிட்டு அவர் நின்றார். வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிது. ஆனால் கண்ணால் காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மனம் ஒப்பவில்லை. “பத்து நாள் பொறுங்கள் பாய், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றேன்.

மட்டையின் வரலாறு

புறப்படுவதற்கு முன், அந்த அயர்லாந்து மட்டையின் கதையைத் தேடிப் படித்தேன். வரலாறு படித்தவனுக்கு இது பழைய நோய்.

ஹர்லிங் மிகப் பழமையான விளையாட்டு. அயர்லாந்தை ஆள வந்த ஆங்கிலேயர் 1366-ஆம் ஆண்டிலேயே கில்கென்னி நகரில் இயற்றிய சட்டத்தின் மூலம் அதற்குத் தடை விதித்திருக்கிறார்கள். தடை போட்டவர்களின் ஆட்சி போயிற்று, விளையாட்டு போகவில்லை. (இதைப் படித்தபோது, வாசலில் நிறுத்தி வைத்த என் மாணவன் நினைவுக்கு வந்தான்.) அணிக்கு 15 பேர். மட்டை ஆஷ் என்னும் மரத்தால் ஆனது. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், வானத்திலும் அடிக்கலாம், மட்டையில் ஏந்திக்கொண்டே ஓடவும் செய்யலாம். குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் மூன்று புள்ளிகள்.

பஞ்சத்தாலும், மக்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்ததாலும், 19-ஆம் நூற்றாண்டில் இவ்விளையாட்டு அழியும் நிலைக்கு வந்தது. அப்போது அதை மீட்டெடுக்க முன்வந்தவர் மைக்கேல் கியூசாக் என்பவர். அவர் படைத்தலைவர் அல்லர், செல்வந்தரும் அல்லர். ஒரு பள்ளி ஆசிரியர். 1884 நவம்பர் 1 அன்று, தர்லஸ் என்னும் சிற்றூரில் ஒரு விடுதியின் அறையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடி, கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஒரு சங்கம், அவ்வூர்ப் பிள்ளைகளே அதன் ஆட்டக்காரர்கள், எவருக்கும் கூலி இல்லை என்பது அதன் அடிப்படை. இன்றளவும் 82,300 பேர் அமரும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் இறுதிப் போட்டி ஆடுபவர்கள்கூட, மறுநாள் காலையில் பள்ளிக்கோ, வயலுக்கோ, அலுவலகத்திற்கோ வேலைக்குச் செல்பவர்கள்தாம். பெண்கள் ஆடும் ஆட்டத்திற்குக் கமோகி என்று பெயர். அது 1904 முதல் நடந்து வருகிறது. 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விளையாட்டை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

என் மருமகன் பணிபுரிவது மேயோ மாவட்டத்தில். அங்கே பாலிஹானிஸ் என்று ஒரு சிற்றூர். 2011-இல் அதன் மக்கள்தொகை இரண்டாயிரத்து முந்நூறைச் சுற்றித்தான் இருந்தது. 1970-களில் பாகிஸ்தானைச் சேர்ந்த வணிகர் ஒருவர் அங்கே ஹலால் இறைச்சித் தொழிற்சாலை தொடங்கினார். அதில் வேலை செய்ய முஸ்லிம் குடும்பங்கள் வந்து குடியேறின. 1987-இல் அவ்வூரில் ஒரு பள்ளிவாசலும் எழுந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அயர்லாந்திலேயே வெளிநாட்டவரின் விகிதம் மிக அதிகமாக இருந்த ஊர் அதுதான்: நூற்றுக்கு 42 பேர்.

மேயோவில் பெரும்பாலோர் ஆடுவது கால்பந்து வகை ஆட்டம். ஹர்லிங்கை விடாமல் பிடித்துவைத்திருக்கும் சில ஊர்களில் பாலிஹானிஸ் ஒன்று. ஓர் ஊர்ச் சங்கத்திற்கு ஆட்டக்காரர்கள் வேண்டும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நண்பர்கள் வேண்டும். இரண்டு தேவைகளும் மைதானத்தில் சந்தித்தன. வந்தேறிகளின் பிள்ளைகள் அந்தச் சங்கத்தின் சட்டையை அணிந்து ஆடத் தொடங்கினார்கள்.

குரோக் பார்க் மைதானத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1920 நவம்பர் 21 அன்று, பிரிட்டிஷ் படையினர் அந்த மைதானத்தில் புகுந்து சுட்டதில், ஆட்டக்காரர் ஒருவர் உட்பட 14 பேர் மாண்டார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலை 31 அன்று, கொரோனாத் தொற்றின் காரணமாகப் பள்ளிவாசல்களில் பெருங்கூட்டம் கூட இயலாதிருந்த வேளையில், அதே மைதானம் முஸ்லிம்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் அந்தப் பச்சைப் புல்லின் மீது இடைவெளி விட்டு நின்று ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையை நிறைவேற்றினார்கள். அயர்லாந்து மக்கள் தம் உயிராக மதிக்கும் மண் அது. அந்த மண்ணில் நெற்றியை வைக்க இடம் தந்தார்கள் என்றால், அதன் பின்னணியில் ஊர்தோறும் மாலை வேளைகளில் ஒன்றாக ஆடிய பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

இரயிலில்

ஈரோட்டிலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் வண்டி பிற்பகலில் கொடுமுடிக்கு வருகிறது. ஒரு வியாழக்கிழமை அதில் ஏறினேன். நொய்யலைக் கடந்து, கரூரில் அமராவதியைக் கடந்து, திண்டுக்கல்லில் சிறுமலையின் நிழலை விட்டு, மதுரையில் வைகையைக் கடந்தது வண்டி. நான்கு ஆறுகளின் நாட்டைப் பார்த்தாயிற்று. விருதுநகரைத் தாண்டியதும் ஆற்றில் நீர் என்ற பேச்சே இல்லை. சாத்தூருக்குப் பிறகு இருட்டிவிட்டது. ஆயினும் மண்ணின் கருமை சாளர வெளிச்சத்தில் தெரிந்தது. கொங்கு நாட்டில் மழை பொய்த்தாலும் வாய்க்கால் உண்டு, கிணறு உண்டு. இந்தக் கரிசல் சீமையில் வானம் ஒன்றே கதி.

கோவில்பட்டியில் இறங்கியபோது இரவாகிவிட்டது. பள்ளிவாசல் ஒன்றில் இமாமாகப் பணிபுரியும் பழைய நண்பர் காத்திருந்தார். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் அளித்துவிட்டு, “ஹாக்கி பார்க்கவா கொடுமுடியிலிருந்து வந்தீர்கள்?” என்று சிரித்தார். பிறகு, “இந்த ஊரில் அதைக் கேட்டு யாரும் வியப்படைய மாட்டார்கள்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

கரிசல் மண்ணில் வளைகோல்

மறுநாள் பஜ்ருத் தொழுகை முடிந்ததும் இருவரும் மைதானத்திற்கு நடந்தோம். கோவில்பட்டி என்றால் வெளியூரார்க்குக் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடுத்துத் தீப்பெட்டி. அடுத்து, கி. ராஜநாராயணனின் இடைசெவல் அருகில் இருப்பது. நமக்கு ஒரு கொங்குத் தொடர்பும் உண்டு: கோயம்புத்தூர் இலட்சுமி மில்லின் கிளை ஆலை ஒன்று இவ்வூரில் நிறுவப்பட்டது. ஆனால் விளையாட்டை அறிந்தவர்களுக்கு இது ஹாக்கிப்பட்டி.

மைதானத்து ஓரத் தேநீர்க் கடையில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது ஹாக்கிதான் என்றார். என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, தாமாகவே நகர்ந்து இடம் கொடுத்தார்.

“எங்க காலத்துல மட்டை வாங்கக் காசு ஏது பாய்? வேலிக்கருவையில வளைஞ்ச கொம்பாப் பாத்து வெட்டி, நெருப்புல வாட்டி, அதை வச்சுத்தான் ஆடினோம். பந்துக்குப் பழைய துணியைச் சுருட்டிச் சணல் கயித்தால இறுக்கிக் கட்டுவோம். மில்லுல ஷிப்டு முடிஞ்சு வர்ற அண்ணன்மாரு ஆடுறதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்.”

“சங்கம் என்று எப்படித் தொடங்கினீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “சங்கம்னா என்ன பாய், ஒரு தகரப் பெட்டி. அதுக்குள்ள பத்துப் பதினைஞ்சு மட்டை, ரெண்டு பந்து, ஒரு விசில், ஒரு கணக்கு நோட்டு. பெட்டியை யார் வீட்டுல வைக்கிறதோ, அவர்தான் செயலாளர். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கல்லைப் பொறுக்கி, சுண்ணாம்புத் தூள்ல கோடு போடுறவர்தான் தலைவர். அந்த ஆள் ஒருத்தர் இருக்கிற வரைக்கும் சங்கம் இருக்கும். கோப்பை வாங்கின சங்கம் எத்தனையோ காணாமப் போச்சு. கோடு போட ஆள் இருந்த சங்கம் இன்னைக்கும் நிக்குது.”

அவர்கள் அணியின் கோல் காப்பாளர் ஒரு முஸ்லிம் இளைஞர். நோன்பு மாதத்தில் அவர் பகலில் ஆட இயலாதே என்று, அம்மாதம் முழுவதும் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்வார்களாம். மாலையில் அவர் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவாராம். “அந்த ஒரு மாசம் மட்டும் எவனும் பயிற்சிக்கு மட்டம் போட மாட்டான்” என்று பெரியவர் சொன்னபோது, என் நண்பரும் நானும் வாய்விட்டுச் சிரித்தோம்.

ஹாக்கியின் பெரிய வரலாறு பலரும் அறிந்தது. வெள்ளையர் படைகளோடு வந்த இவ்வாட்டத்திற்கு 1885-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் முதற் சங்கம் தோன்றியது. 1928 ஆம்ஸ்டர்டாம் முதல் 1956 மெல்போர்ன் வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து இந்தியாவே தங்கம் வென்றது. பிறகு 1964-இல் ஒன்று. 1980 மாஸ்கோவில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒன்று. 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய முகமது ரியாஸ் சென்னையின் பிள்ளை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடிய ஆடம் சின்கிளேர் நம் கோயம்புத்தூர்க்காரர்.

இந்தப் பெருமைக்கு நடுவே ஒரு சரிவும் உண்டு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. இந்தியா ஏழாம் இடத்திற்குப் போயிற்று. மண்ணிலும் புல்லிலும் பந்து துள்ளும், நிற்கும், திரும்பும். அதைக் கட்டுக்குள் வைக்கும் விரல் நுணுக்கமே நம்மவர் செல்வம். செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். அங்கே ஓட்டமும் உடல் வலுவுமே முதல். அத்தரை விலை மிகுந்தது. ஆடுமுன் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஏழை ஊர்களின் பிள்ளைகள் கட்டாந்தரையில் கற்றுக்கொண்டது பெரிய போட்டிகளில் செல்லாக்காசாயிற்று. “நாங்க ஆடினது வேற ஆட்டம்னு ஆயிப்போச்சு பாய்” என்றார் பெரியவர். ஒலிம்பிக் பதக்கம் மீண்டும் கிடைக்க இந்தியா 41 ஆண்டுகள் காத்திருந்தது. 2021-இல் டோக்கியோவில் வெண்கலம், 2024-இல் பாரிசில் மறுபடியும் வெண்கலம்.

கோவில்பட்டி அந்தக் காலத்தையும் தாங்கி நின்றது. தெருச் சங்கங்கள் பெட்டியை மூடவில்லை. இன்று அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் செயற்கைத் தரையும் உள்ளன. 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இவ்வூர்க்காரர். அவரோடு ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். கோவில்பட்டி விடுதியில் பயின்றவர். முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். 2025-இல் இளையோர் உலகக் கோப்பை, 24 நாடுகளோடு, சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பெட்டியைக் காத்தவர்களின் உழைப்பு வீண்போகவில்லை.

செயற்கைத் தரையின் ஓரத்தில் நின்று நெடுநேரம் பார்த்தேன். குடிநீருக்கே தாமிரபரணியை எதிர்நோக்கும் ஊரில், தரையின் மீது தண்ணீர் வட்டமிட்டுத் தெளித்தது. பிள்ளைகள் வரிசையாக ஓடினார்கள். என் மாணவனின் வயதுதான் இருக்கும். ஒரு சிறுவன் ஒரே அடியைப் பயிற்சியாளர் சொன்னபடி மீண்டும் மீண்டும் அடித்தான். தவறினான், திருத்திக்கொண்டான், மறுபடியும் தவறினான். ஒரு வசனத்தை நாக்கில் படியும்வரை இருபது முறை, முப்பது முறை ஓதவைக்கும் என் வகுப்பறையை அங்கே கண்டேன். மனனம் என்பது நாவுக்கு மட்டும் உரியது என்று நான் எண்ணியிருந்தேன். கைக்கும் காலுக்கும் அது உண்டு.

என் தயக்கம்

ஆனாலும் என் கவலை தீரவில்லை. ஹிஃப்ழு மாணவர்களின் பெற்றோர் இதை அறிவார்கள்: மனனம் செய்ததைத் தொடர்ந்து ஓதாவிட்டால் அது கயிறறுந்த ஒட்டகம்போலப் போய்விடும். பதினொரு ஜுஸ்உகள் ஒரு பிள்ளையின் மூன்றாண்டு உழைப்பு. அதை ஒரு மட்டைக்காக இழக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதேசமயம், அல்லாஹ் அவன் கைகளுக்குக் கொடுத்த திறமையைப் பூட்டிவைக்கவும் எனக்கு உரிமை உண்டா? பெருநாளன்று பள்ளிவாசலிலேயே அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமல், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்ப்பதற்கு நின்று உதவியதையும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டேனா என்பதுதான் கேள்வி.

ஜுமுஆவுக்குப் பின் நண்பர் என்னை எட்டயபுரத்திற்கு அழைத்துச் சென்றார். கோவில்பட்டி வரை வந்துவிட்டு, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலத்தைக் காணாமல் திரும்புவது எங்ஙனம்? நபிகளாரின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கிய அப்பெருமகன் அமைதியாக உறங்கும் இடத்தில் ஃபாத்திஹா ஓதிவிட்டு அமர்ந்திருந்தபோது, என் மனக்குழப்பத்தை நண்பரிடம் சொன்னேன்.

அவர் சற்றும் யோசிக்கவில்லை. “விடுதிப் பொறுப்பாளர்கள் அனுமதித்தால், ஞாயிறுதோறும் பையன் என்னிடம் வரட்டும். வாரம் ஒரு ஜுஸ்உ ஓதிக்காட்டட்டும். புதிதாகச் சேர்க்காவிட்டாலும், உள்ளது போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

இத்தனை எளிய வழியை நான் ஏன் கேட்டுப் பார்க்கவில்லை என்று வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்த பின்

ஊர் திரும்பியதும் சைக்கிள் கடைக்கு நேரே சென்றேன். “அனுப்புங்கள் பாய். ஓதல் நிற்காது, அதற்கு நான் பொறுப்பு” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் மாவட்டத் தேர்வில் வென்றான். அடுத்த கட்டத் தேர்வில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவனைவிட உயரமான, வேகமான பிள்ளைகள் பலர் இருந்தார்கள் என்று விளையாட்டு ஆசிரியர் சொன்னார். அடுத்த ஆண்டு மறுபடியும் முயலலாமாம். தேர்விலிருந்து திரும்பிய மறுநாள் அவன் வழக்கமான இடத்தில் வந்து அமர்ந்து, எவரிடமும் பேசாமல் பன்னிரண்டாம் ஜுஸ்உவைத் திறந்தான். நான் அவனைத் தேற்றுவதற்கென்று வைத்திருந்த சொற்களை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் சில மாற்றங்கள் நேர்ந்துள்ளன. ஹிஃப்ழு வகுப்பை பஜ்ருக்குப் பின்பும், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலும் மாற்றிவிட்டேன். அஸர் முதல் மஃரிப் வரையிலான பொழுது பிள்ளைகளுக்கே உரியது. “ஓதுகிற பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள்” என்று ஜமாஅத்தில் ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை; இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகள் ஓதுவதைக் கேட்க வருமாறு அழைத்தேன். வந்தார், கேட்டார், போனார். மறுபடியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மதரஸாவுக்குப் பின்புறம் வேலிக்கருவை மண்டிக் கிடந்த நிலத்தை, உரியவரின் அனுமதியோடு வெட்டிச் சீர்செய்தோம். முழு மைதானம் அன்று, பாதிதான் தேறும். பள்ளியிலிருந்து ஒன்பது பழைய ஹாக்கி மட்டைகள் கிடைத்தன. முதல் வாரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். இப்போது காவிரிக்கரைத் தெருவிலிருந்தும் கடைவீதியிலிருந்தும் வருகிறார்கள். பெயர்களைக் கேட்டால் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். ஆடும்போது “பந்தைத் தள்ளுடா” என்பது ஒன்றே அனைவருக்கும் பெயர்.

அயர்லாந்து மட்டையை ஆட்டத்திற்குக் கொடுப்பதில்லை. 2012 முதல் அந்நாட்டு ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்து வருவதால், இப்போது மூங்கிலில்கூட மட்டை செய்கிறார்கள் என்று மருமகன் எழுதியிருந்தார். மரம் அரிதாகும் காலத்து மட்டை அது, திண்ணையிலேயே இருக்கட்டும்.

எங்கள் சங்கத்திற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஒரு தகரப் பெட்டி மட்டும் வாங்கியிருக்கிறோம். அது சைக்கிள் கடையில் இருக்கிறது. கணக்கு நோட்டை எழுதுபவன் அந்த மாணவனே. முதல் பக்கத்தில் பிஸ்மில்லாஹ் எழுதி, அதன் கீழே தேதி இட்டு, முதல் செலவைக் குறித்திருக்கிறான்: சுண்ணாம்புத் தூள், ஒரு மூட்டை.